சாமி நிலமும் சைக்கிள் ரிம்மும்

நன்னிலம் பள்ளியில் இயற்பியல் நடத்தும் உலகநாதனின் உடம்பில் கறுப்புச் சட்டையும் வாயில் வாதமும் இல்லாத நாளே கிடையாது. வாய்த்த மனைவி கமலவல்லியோ அதே இயற்பியலைப் படித்துவிட்டுச் சாமி கும்பிடுகிறவள். கேட்கவா வேண்டும்? அடுப்பில் சோறு கொதிக்கும்போதே விவாதமும் கொதிக்கும்.

"பனிக்கட்டி தண்ணியில மிதக்குது. முழுகியிருந்தா குளிர்தேசத்துக் குளத்துல ஒரு மீன் தங்காது. இவ்வளவு கச்சிதமா விதி வகுத்தவன் ஒருத்தன் இருக்க வேண்டாமா?" என்பாள்.

"வயல்ல தண்ணி தானா மட்டமாவுது. யாரும் உக்காந்து தடவி விடலையே. விதி இருக்கு, அது போதும்" என்பான்.

இந்த வாய்தான் நிலத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

அவன் அம்மா எல்லையம்மாள், ஊர்க் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவள். குத்தகைதாரர்களைப் பதிவு செய்யப் புதுச் சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் யாரும் லேசில் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் கோயில் காரியஸ்தர் வைத்தியலிங்கம் அடுத்த நடவுக்கே வேறு ஆளை இறக்கிவிடுவார். விசாரணையில் அம்மாவுக்காக உலகநாதன்தான் பேசினான்.

"குத்தகைக்கு விட்ட உடைமைதாரர் யாரு?" என்று தாசில்தார் கேட்டார்.

கோயில் நிலத்துக்குச் சட்டப்படி சாமியே சொந்தக்காரர். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உலகநாதனுக்கு மட்டும் நாக்கு எழவில்லை.

"அப்படி ஒருத்தர் கிடையாதுங்க. இயற்பியல்ல அவருக்கு வேலையே இல்லை."

வைத்தியலிங்கத்துக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "கேட்டீங்களா சார்? குத்தகைக்கு விட்ட ஆளே இல்லைங்கறாரு. அப்ப குத்தகைதாரர் மட்டும் எங்கேருந்து வருவாங்க?"

தாசில்தார் பேனாவை மூடினார். எல்லையம்மாள் சேறு காய்ந்த கையால், குத்தகை நெல் அளந்த ரசீதுகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அதைப் பார்த்ததும் உலகநாதனுக்கு, அம்மாவின் உழைப்பையெல்லாம் வாய்ச்சவடாலில் விட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. நம்பாததைச் சொல்லவும் மனம் ஒப்பவில்லை. அப்போதுதான், வகுப்பில் பாடத்துக்காக ஆணியில் தொங்கவிட்டிருந்த சைக்கிள் ரிம் நினைவுக்கு வந்தது.

"ஒரு நிமிஷம் சார். சைக்கிள் ரிம்முக்கு ஈர்ப்பு மையம் நடுவுல. அங்க இரும்பு கிடையாது, வெறும் காத்து. ஆனா எடை முழுக்க அந்தப் புள்ளியிலன்னு வெச்சுத்தான் கணக்குப் போடறோம், தப்பாது. உங்க சட்டத்துல சாமி அந்த மாதிரி ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குத்தான் எங்கம்மா வருஷாவருஷம் நெல் அளக்கறாங்க. அளந்த நெல் பொய்யில்லீங்க. அந்தப் புள்ளிதான் உடைமைதாரர்."

தாசில்தார் சிரித்துவிட்டார். "ரெண்டெழுத்துல சாமின்னு சொல்றதுக்கு இவ்வளவா வாத்தியாரே?" என்றபடி பேனாவைத் திறந்து எல்லையம்மாள் பெயரை எழுதினார். வைத்தியலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

சாயங்காலம் வயலுக்கு வந்த கமலவல்லியிடம் மாமியார் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"இதைத்தானே நானும் தினம் சொல்றேன்? கண்ணுக்குத் தெரியாத ஒண்ணை வெச்சாத்தான் கணக்கு நேராவுது" என்றாள் கமலவல்லி.

"கணக்குக்கு வேணுங்கறது வேற, இருக்குங்கறது வேற. இயற்பியல் ஆளைக் காட்டல" என்றான் பக்கத்தில் நின்ற உலகநாதன்.

"ஆள் இல்லைன்னு காட்டிச்சா?"

"அதுவும் இல்லை."

"சரி, நடுவை விடுங்க. ரிம்மை வளைச்சது யாரு?"

உலகநாதன் வாதத்தை விட்டுவிட்டு வயல் பக்கம் திரும்பினான். கல்யாணமான நாள் முதல் அவள் காணாத காட்சி அது. அம்மா வரப்பில் குனிந்து மடை திறந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்து அவனுக்கு மனம் நிறைந்து சிரிப்பு வந்தது.

"நாளைக்குப் பேசுவோம் கமலம். ஆயுசு கிடக்கு. இப்ப நிலமும் இருக்கு."