நடுக் கம்பியில் ஒரு மஃப்ளர்

வியன்னா ஓபரா மாளிகையில், நின்று பார்ப்பவர்களின் பகுதிக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். கைப்பிடிக் கம்பியில் மஃப்ளரைக் கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. கட்டிவிட்டுக் காபி குடிக்கப் போகலாம், கல்யாணமே பண்ணிக்கொண்டு வரலாம், ஒருவரும் தொடமாட்டார்கள். பேரரசர்கள் போனார்கள், பாதி நாடும் போனது; இந்தச் சட்டத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஓட்டிலி அம்மாள் நடுக் கம்பிக்குச் சொந்தக்காரர். அங்கிருந்து பார்த்தால் பாடகியின் இமை துடிப்பது தெரியும். ஒரு முழம் தள்ளி நின்றால் முன்வரிசைச் சீமாட்டிகளின் கொண்டைகள் மட்டும்தான். அன்று பாடகி தெக்லா கடைசியாக மேடையேறுகிறாள். காசநோய், கத்தி, விஷம், கோட்டைச் சுவர் என்று மேடையில் தெக்லா எப்படிச் செத்தாலும் ஓட்டிலி அம்மாள் நடுக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் அழுதிருக்கிறார். கடைசிச் சாவைக் கொண்டைகளுக்கு நடுவே எட்டிப் பார்ப்பதைவிடத் தானே செத்துப்போகலாம் என்பது அவர் கட்சி.

கதவு திறந்ததும் ஓடக்கூடாது என்று விதி. அம்மாள் ஓடவில்லை, நடந்தார். அந்த நடையை வாசலில் நின்ற சாரட்டுக் குதிரைகள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டு வேலையை விட்டிருக்கும். சிவப்பு மஃப்ளரை நடுக் கம்பியில் கட்டிவிட்டு, வெளியே கடையில் கடுகு விழுது தொட்டு சாஸேஜ் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது கம்பி மொட்டையாக நின்றது. மஃப்ளர் ஒரு மலையின் கழுத்தில் இருந்தது.

மலையின் பெயர் வெண்டெலின். திரோல் மலைப்பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர், ஒரே நாளில் தலைநகரைப் பார்த்து முடிக்க வந்தவர். அரண்மனையில் விளக்கம் கேட்கக் காதில் மாட்டிக்கொள்ள ஒன்று கொடுத்தார்கள். பழைய நூலகத்தில் காலுக்கு உறை கொடுத்தார்கள். இங்கே கழுத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று அவிழ்த்துக் கட்டிக்கொண்டார்.

"உள்ள குளிரும்னு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேங்க" என்று முடிச்சில் கை வைத்தார்.

பக்கத்து இடத்துக்காரர் சேவரின், ஓய்வுபெற்ற நோட்டரி. நடுக் கம்பிமேல் பல வருடமாகக் கண். "கழட்டட்டும்மா, நல்லா கழட்டட்டும். மஃப்ளர் இல்லாத கம்பி அடுத்து நிக்கிறவனுக்கு. அடுத்து நிக்கிறது யாருன்னு பாத்துக்குங்க." அவருடைய வலது கால் ஏற்கெனவே நடுவுக்கு வந்திருந்தது.

நின்றவர்கள் கூடிக் கிசுகிசுப்பாக விசாரணை நடத்தினார்கள். நோட்டரி சொல்வதுதான் சட்டம் என்றார் ஒரு பல் மருத்துவர். பின்வரிசையில் ஒரு பெண்மணி அம்மாளுக்காக அழுதார். ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்றார். ஆட்டம் தொடங்க மணி அடித்தது.

"தம்பி, கழட்டாதீங்க" என்றார் ஓட்டிலி அம்மாள். டிராமின் பிரேக்கைப் பரிசோதிப்பதுபோல முடிச்சை இழுத்துப் பார்த்தார். "நோட்டரி ஐயா, இது கட்டியிருக்கா இல்லியா?"

"கட்டியிருக்கு. ஆனா கம்பியில இல்லியே."

"கம்பியில கட்டினா கம்பி எனக்கு. இவர் கழுத்துல கட்டியிருந்தா இவர் எனக்கு. இவர் எங்க நிக்கிறார்?"

நோட்டரி வெண்டெலினின் பூட்ஸ்களைப் பார்த்தார். நடுவில் நின்றன. ஆயுள் முழுக்கப் பத்திரம் எழுதியவர், ஓட்டை கிடைக்காமல் வலது காலை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்.

மலைக்குப் பின்னால் நின்றால் மேடை தெரியாது. அம்மாள் கேட்டுக்கொண்டபடி வெண்டெலின் கம்பியைப் பார்த்து மண்டியிட்டார். அம்மாள் இரண்டு முழங்கையையும் அவர் தலையில் ஊன்றிக்கொண்டார். விளக்கு அணைந்தது.

தெக்லா கடைசி அங்கத்தில் அவசரமே இல்லாமல் செத்தாள். அம்மாளின் கண்ணீர் வெண்டெலினின் வழுக்கை வழியாக இறங்கி மஃப்ளரைப் பிழியும்படி நனைத்தது. எல்லாம் முடிந்ததும் அம்மாள் முடிச்சை அவிழ்த்து, முட்டி வலிக்கிறதா என்று கேட்டார்.

"காலைலேர்ந்து எல்லா எடத்துலயும் நின்னுக்கிட்டே பாத்தேங்க" என்றார் வெண்டெலின். "ஊர் சுத்தினதுல இங்கதான் காலுக்கு ஓய்வு குடுத்தாங்க. என்ன, ஒண்ணும் தெரியல."

மறுநாள் மாலை நோட்டரி மஃப்ளரை நடுக் கம்பியில் கட்டவில்லை. கழுத்தில் மஃப்ளர் கட்டிய தன் மைத்துனரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்.