பன்னிரண்டு டாலர் ஸ்டீவ்

அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்ததும் ஷபீனாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாவம், ஸ்டீவ் கை தவறி அழுத்தியிருப்பான் என்று நினைத்தாள். கீழே அவன் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் கோபம் தலைக்கு ஏறியது. 'மரியாதை தெரியாதவர். எதைக் கேட்டாலும் தனியாகப் பணம் கேட்கிறார்.'

மரியாதையைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? பன்னிரண்டு டாலருக்கு ஒரு லோகோ. சிகாகோவில் புல்வெளி வெட்டுகிற கம்பெனிக்காம். பச்சை இன்னும் கொஞ்சம் பச்சையாக வேண்டும் என்று பதினேழு தடவை மாற்றச் சொன்னான். பதினெட்டாவது தடவை, முதலில் அனுப்பியதே நன்றாக இருந்தது என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு அதையே திரும்ப அனுப்பினாள். கூடவே விசிட்டிங் கார்டு கேட்டான், செய்தாள். லெட்டர்ஹெட் கேட்டான், அதையும் செய்தாள். வெப்சைட்டுக்கு மேலே போட 'சின்னதாக' ஒரு படம் என்றபோதுதான், இது தனி வேலை சார் என்று ஒரு வரி எழுதினாள். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த அபிஷேகம்.

சேலையூரில் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடி வீடு. படுக்கையறை மூலையில் அவள் கம்ப்யூட்டர். இரண்டாயிரத்து ஆறிலிருந்து இரண்டு வருஷமாக அந்த இணையதளத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு டிசைன் செய்து கொடுத்து வந்தாள். வேலை முடிந்ததும் கொடுத்தவர் செய்தவருக்கும், செய்தவர் கொடுத்தவருக்கும் நட்சத்திரம் போட வேண்டும். ஸ்டீவுக்கு முன் இருபத்திரண்டு வேலையில் அவள் சராசரி 4.86. இப்போது 4.70.

அந்தப் புள்ளிக் கணக்குக்காக யாரும் அழ மாட்டார்கள். ஷபீனா அழுதாள். ஆக்லாந்தில் குழந்தைகள் புத்தகம் போடும் பதிப்பகம் ஒன்று நாற்பது அட்டைகள் வரைய ஆள் தேடிக்கொண்டிருந்தது. ஒரு வருஷ வேலை. அவள் பெயர் போட்டு வரப்போகிற முதல் வேலை. 4.8க்குக் கீழே இருப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். ஆளை எடுக்கிற அன்றும் ஒருமுறை பார்ப்பார்களாம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இந்த ஒன்றைச் சரிக்கட்ட இன்னும் பன்னிரண்டு பேர் ஐந்து போட வேண்டும்.

"அவனுக்கு நீ எவ்ளோ போட்ட?" என்று கேட்டான் கணவன் பர்வேஸ். கேம்ப் ரோட்டில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். சாப்பிட வந்திருந்தான்.

"அஞ்சு."

"அவன் போடறதுக்கு முன்னாடியேவா?"

"எல்லாருக்கும் அப்படித்தாங்க போடுவேன். வேலை முடிஞ்சதும் அஞ்சு போட்டு, அன்பான மனுஷன், நியாயமானவர்னு ரெண்டு வரி எழுதிடுவேன். நாம முதல்ல நல்லவிதமா நடந்துக்கிட்டா அவங்களும் நடந்துப்பாங்க இல்ல?"

பர்வேஸ் ரசத்தை ஊற்றிக்கொண்டான். "என் கடையில காசு வாங்காம ஒரு போல்ட்டு குடுக்க மாட்டேன் நானு."

அவன் சொன்னது நியாயம்தான், அதனாலேயே எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு யார், என்ன என்று கேட்பதற்கு முன் சர்பத் நீட்டி வளர்ந்தவள். அமெரிக்காக்காரனுக்கும் அதையே நீட்டியிருந்தாள்.

போட்ட நட்சத்திரத்தைப் பதினான்கு நாளுக்குள் மாற்றலாம் என்று தளத்தில் விதி இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் சாட்டில் ஸ்டீவைப் பிடித்துக் கெஞ்ச ஆரம்பித்தாள். சார், தயவுசெய்து. சார், இது என் எதிர்காலம். யோசிக்கிறேன் என்று அவன் அடித்துக்கொண்டிருந்தபோதே இரண்டு மணி கரன்ட் கட். மின்விசிறி நின்றது. யூ.பி.எஸ். கீச்சிட்டது, அதில் இருபது நிமிஷம் ஓட்டலாம். அதே நொடியில் ஸ்டீவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளியும் அணைந்தது.

நான்கு மணிக்குக் கரன்ட் வந்தது. ஸ்டீவும் வந்தான். இணைப்பு போய்விட்டது, மன்னிக்கவும் என்றான்.

மறுநாள் ஷபீனா சும்மா வானிலை விசாரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சிகாகோவில் குளிர் என்றான். மணி இரண்டு. மின்விசிறி நின்றது, சிகாகோ அணைந்தது. அங்கே அப்போது விடிந்துகூட இருக்காது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு மணிக்கு அவன் வந்ததும், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள். 'சார், உங்க ஏரியாவுலயும் கரன்ட் போச்சா?'

பதிலும் தமிழிலேயே வந்தது. 'போச்சு.'

விலாசத்தையும் அவனிடமே கேட்டு வாங்கினாள். ஸ்டீவின் நிஜப் பெயர் அரிகிருஷ்ணன். இரண்டு தெரு தள்ளி, ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை. நாற்பது வயது இருக்கும். ஷபீனா வாசலில் வந்து நின்றதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இன்னா மேடம் பண்றது, இந்தியன் பேருல எடுத்தா எவனும் நல்ல வேலை தர மாட்டேங்கறான். சிகாகோக்காரன் ஒருத்தன் கீறான், நெஜமாவே. அவன்கிட்ட வாங்கி உங்கள மாதிரி ஆளுங்களுக்குத் தர்றேன். வெப்சைட்டு மேல போடற படம் லேட்டாச்சுன்னு அவன் எனக்கு ஒரே ஸ்டார் போட்டுட்டான். ஒரே பேஜாரு. அந்தக் கோவத்துல உங்களுக்குப் போட்டுட்டேன்."

"உங்களுக்கு அவர் போட்டார்னு எனக்குப் போடுவீங்களா? பதினேழு தடவை மாத்தினேன், சார்!"

"அவன் எனக்கு இருபது தடவ சொன்னான் மேடம். மூணு தடவ நானே கட் பண்ணேன்."

அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை அவளுக்கு. இவ்வளவு நாள் மனதுக்குள் திட்டித் தீர்த்த ஆள் இப்படிக் கூனிக் குறுகி நிற்பது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "நானும் என்னோடதை மாத்தலாம். சிகாகோ ஸ்டீவ் கேம்ப் ரோட்டுல இருக்கார்னு எழுதினா என்ன ஆகும்?"

அவர் முகம் வெளுத்தது. "சைட்டுக்காரன் அக்கவுண்ட்டையே தூக்கிடுவான் சிஸ்டர். ரெண்டு பொண்ணுங்க படிக்குது. நீங்க அந்த அஞ்ச அப்டியே வுட்டுடுங்க. நானும் அஞ்சு போட்டுடறேன். சரியா?"

அவள் கண்ணெதிரிலேயே மாற்றினார். 4.87. முன்பு இருந்ததைவிட ஒரு பிசிறு கூடுதல். அன்பான மனுஷன், நியாயமானவர் என்ற அவளுடைய இரண்டு வரியும் இருந்த இடத்திலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை அனுப்பினாள். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை சாராள் என்ற பெண்ணிடமிருந்து செய்தி வந்திருந்தது. குரோம்பேட்டை. தளத்தில் புதிதாகச் சேர்ந்தவள். 'அக்கா, ஸ்டீவ் பற்றி நீங்க எழுதினதைப் படிச்சேன். நம்ம ஊர்ப் பொண்ணு சொல்றாங்களேன்னு தைரியம் வந்துச்சு. எனக்கு இதுதான் முதல் வேலை. லோகோ, பன்னிரண்டு டாலர். எடுக்கலாமா?'

ஷபீனா பதில் அடித்தாள். எடுக்காதே என்று எழுதினாள், அழித்தாள். இந்தப் பெண் போய் ஸ்டீவிடம் கேட்டுவிட்டால்? அவர் பயந்துபோய் மறுபடி ஒன்றாக மாற்றிவிட்டால்? பதினான்கு நாள் முடியட்டும். ஆக்லாந்திலிருந்து முடிவு வரட்டும். அதுவரைக்கும் இந்தச் செய்தியைப் பார்க்காத மாதிரி இருந்துவிடலாம். ஒரு சின்ன லோகோதானே, என்ன குடியா முழுகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஆக்லாந்திலிருந்து கடிதம் வந்தது. நாற்பது அட்டையும் அவளுக்கே. பர்வேஸுக்குப் போன் போட்டுக் கத்தினாள். அவன் கடையிலிருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னான்.

சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் சாராளின் செய்தியைத் திறந்தாள். இப்போது தாராளமாகச் சொல்லலாம். 'அவர்கிட்ட ஜாக்கிரதையா இரும்மா' என்று அடித்துவிட்டு, அனுப்புவதற்கு முன் அந்தப் பெண்ணின் பக்கத்தை ஒரு பார்வை பார்க்கலாமே என்று அழுத்தினாள்.

செய்த வேலை: ஒன்று. சராசரி: 1.00.

கீழே ஸ்டீவ் எழுதியிருந்தது அவளுக்கு மனப்பாடமான வரிதான், எழுத்து மாறவில்லை. அதற்கும் கீழே, சாராள் ஸ்டீவுக்குப் போட்டிருந்த ஐந்து நட்சத்திரம். 'அன்பான மனுஷன். நியாயமானவர்.' ஷபீனா அக்கா எழுதியிருந்ததைப் பார்த்து, இங்கே இப்படித்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது என்று அந்தப் பெண் அப்படியே எழுதியிருந்தாள்.