அப்பா விழுங்கிய ஆயுதம்

என் அப்பா ராமசுப்புவுக்கு வாயில் ரகசியம் தங்காது. ஆயுதக் கட்டுப்பாட்டுக்குப் புது யோசனை சொல்லும் போட்டி ஒன்றை டெல்லியில் ஓர் அமைப்பு நடத்தியது. கடைசிச் சுற்றுக்கு நான் தேர்வாகியிருந்தேன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். இதை டீக்கடையில் பெருமையடித்தவர், 'ஆயுதம்' என்றால் போலீஸ் வம்பு வருமென்று அந்தச் சொல்லை மட்டும் விழுங்கிவிட்டார்.

"எம் மக சுகப்பிரியா, கட்டுப்பாடு பத்தி டெல்லிக்காரங்ககிட்டப் பேசப்போறா!"

எங்கள் ஊரில் கட்டுப்பாடு என்றால் ஒரே அர்த்தம்தான். ஊரை மீறிய குடும்பத்தை ஒதுக்கி வைப்பது. எதிர்வீட்டுச் செல்லக்கிளி அத்தை பாதைத் தகராறில் பெரியவர்களைக் கேட்காமல் போலீசுக்குப் போய்விட்டாள். மாசியிலிருந்து அவளோடு யாரும் பேசக்கூடாது, கடையில் சாமான் கொடுக்கக்கூடாது. எங்களுடையது மளிகைக் கடை. அவளோ பருப்புக்கும் சீனிக்கும் பாலவனத்தத்துக்கு பஸ் ஏறுவாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் எங்கோ கிடக்கிற அணுகுண்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

போட்டிக்கு முந்தின நாள் காலையில், ஊர்த் தலைவர் நவநீதகிருஷ்ணன் நாலு பேரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஏத்தா, நம்ம ஊரு விஷயத்த டெல்லி வரைக்கும் கொண்டு போகணுமா? செல்லக்கிளி மேல போட்ட கட்டுப்பாட்ட எடுத்தாச்சு. கோயில்ல சூடம் ஏத்திச் சொல்லிட்டுத்தான் வாரோம். நீ ஒண்ணும் பேசிப்புடாத."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டேன்.

"பெரியப்பா, நான் பேசப்போறது அணுகுண்டப் பத்தி. நாடுக எல்லாம் ஆயுதத்தக் குறைக்கணும்னு."

"அணுகுண்டா?" அவர் விட்ட பெருமூச்சு தெரு வரை கேட்டிருக்கும். "அட, அதத் தாராளமாப் பேசுத்தா!"

துண்டை உதறித் தோளில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். சாமி முன்னால் சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்திருக்கிறது. அப்பாவை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பேசினேன். ஆயுதக் கிடங்குகளில் நடப்பதை வெளியாட்கள் பார்த்து உலகத்துக்கே தெரியும்படி வெளியிட வேண்டும் என்பதுதான் என் யோசனை. நடுவர் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். வெளியே தெரிந்துவிடுமே என்று பயந்து யாராவது ஆயுதத்தைக் கீழே போடுவார்களா என்று கேட்டார்.

"எங்கள் ஊரில் நேற்றுதான் போட்டார்கள்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பரிசும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் கடையில் இருந்தபோது அத்தை பையோடு வந்தாள். வாசற்படியில் ஒரு நிமிடம் தயங்கிவிட்டு உள்ளே ஏறினாள்.

"ஜெயிச்சியாத்தா?"

"இல்ல அத்தை."

"போகுது விடு. அரைக் கிலோ சீனி போடு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தராசைப் பார்க்காமலே அள்ளிப் போட்டேன். அப்பாவும் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டார்.