ஒன்பதாம் நம்பர் எட்டானது

சுரேஷ்பாபுவை ஃபுட்பால் டீமில் ஃபார்வர்டிலிருந்து எடுத்து நடுவில் போட்டுவிட்டார்கள் என்ற செய்தி ஆந்திர எல்லையிலிருக்கும் எங்கள் நகரிக்கு வந்தபோது, ரங்கையா சலூனில் முனிசாமிக்குப் பாதி முகம்தான் ஷேவ் ஆகியிருந்தது. மீதிப் பாதியில் சோப்பு நுரையோடு எழுந்து நின்றுகொண்டு, "எவன்டா அந்தக் கோச்சு? அவனுக்குக் கண்ணு கீதா இல்லியா?" என்று கத்தினான். ரங்கையா கத்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரு காது போயிருக்கும்.

செய்தியைக் கொண்டுவந்தவன் நான்தான். எஸ்டிடி பூத்துக்குப் போன் போட்டு சுரேஷ்பாபு என்னிடம்தான் சொன்னான். "வேதாண்ணா, என்ன நடுவுல ஆடச் சொல்லிட்டாங்க. ஒன்பது நம்பர் பனியன வாங்கிக்கினு எட்டு குடுத்துட்டாங்க." மூன்று மாதமாகவே அப்படித்தான் ஆடுகிறானாம். சொல்ல வெட்கப்பட்டு மறைத்திருக்கிறான்.

அது தொண்ணூற்றெட்டு. நூல் விலை ஏறி எங்கள் ஊரில் பாதி தறி ஷெட்டுகள் பூட்டிக் கிடந்தன. வெளிநாட்டுக்காரன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி போடுகிறான் என்று பையன்கள் கூட்டங்கூட்டமாக ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் ஐடிஐ சர்டிபிகேட்டைக் காட்டி வேலை வாங்கினார்கள். எங்கள் ஷெட்டில் தறி ஓட்டிய நாகபூஷணத்தின் மகன் சுரேஷ்பாபு காலைக் காட்டி வாங்கினான். சித்தூரில் ஜில்லா டீமுக்கு எடுத்து, அங்கே அவன் போட்ட கோல்களைப் பார்த்து, கார் சீட்டு தைக்கிற ஒரு கம்பெனி அவனை மெட்ராஸ் லீக்கில் ஆடக் கூட்டிக்கொண்டு போனது.

அவன் கோல் போட்டால் மெட்ராஸ் பேப்பரில் கடைசிப் பக்கத்து மூலையில் எறும்பு சைஸ் எழுத்தில் பேர் வரும். ரயிலில் பேப்பர் வந்ததும் ரங்கையா அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவிடுவார். பதினோரு வரி ஒட்டியாகிவிட்டது. முகம் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். மூன்று மாதமாகப் பன்னிரண்டாவது வரி வரவில்லை. கால் உடைந்துவிட்டதோ, டீமிலிருந்து தூக்கிவிட்டார்களோ என்று நாகபூஷணத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"வெண்ண தெரண்டு வரும்போது தாழி ஒடஞ்ச கத ஆயிப்போச்சு," என்றான் முனிசாமி.

"கோச்சுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிபோச்சு?" என்றார் ரங்கையா. "அவுரு எத்தினி பேரப் பாத்திருப்பாரு."

"நடுவுல ஆடுறவன் இன்னாண்ணா பண்ணுவான்? பின்னால இருந்து வர்ற பந்த வாங்கி முன்னால குடுப்பான். எடுபிடி வேல. அதுக்கு நம்ம புள்ளதான் கெடச்சானா?" என்றவன், அப்போதுதான் என்னைப் பார்த்தான். "உன்னச் சொல்லல, வேதாச்சலம்."

உன்னைச் சொல்லவில்லை என்று சொன்னானே, அங்கேதான் சுட்டது. ஒன்பது வருஷம் நகரி டீமுக்கு நடுவில் ஆடியவன் நான். சுரேஷ்பாபு இங்கே போட்ட கோல்களில் முக்கால்வாசி நான் கொடுத்த பந்து. புத்தூரில், திருத்தணியில், சித்தூரில் ஜெயித்துவிட்டு வந்தால் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். பந்து மூட்டையை நான் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன். அவனுக்குப் பேர், எனக்கு முட்டி வலி. சத்தியமாக அதில் எனக்கு வருத்தம் இல்லை, அவன் என் தம்பி மாதிரி. ஆனால் அவனும் என்னை மாதிரி ஆகிவிடுவானோ என்பதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அதனால் அந்தச் சண்டையில் முனிசாமியைவிடச் சத்தமாக நான்தான் கோச்சைத் திட்டினேன்.

முனிசாமி சும்மா இருக்கவில்லை. மெட்ராஸில் இருக்கும் மைத்துனனைப் பிடித்து வேறொரு கிளப்பில் பேசினான். "ஃபார்வர்டா போடறோம், ஒன்பது நம்பர் தர்றோம், வரச் சொல்லு" என்று அந்தக் கிளப்பு செக்ரட்டரி கைப்பட எழுதிய லெட்டரே வந்துவிட்டது. சுரேஷ்பாபுவிடம் போனில் சொன்னேன்.

"அண்ணா, அடுத்த வாரம் திருப்பதிக்கு டோர்னமென்டு ஆட வர்றோம். ஒரு மேட்ச் வந்து பாரு. அப்பால நீ இன்னா சொல்றியோ அத செய்றேன். போன்னு சொன்னா போறேன், இருன்னு சொன்னா இருக்கறேன்."

பாரத்தை என் தலையில் ஏற்றிவிட்டான். அவனிடம் என்ன சொல்வது என்று நான் அப்போதே முடிவுகட்டிவிட்டேன். போ என்பதுதான்.

அவன் டீம் ஃபைனல் வரை வந்துவிட்டது, ஃபைனல் நடந்தது வெள்ளிக்கிழமை. அன்றைக்கு எங்களுக்குக் கரண்ட் லீவு, தறி ஓடாது. பதினாலு பேர் புத்தூர் வழியாகப் பஸ்ஸில் திருப்பதி போய்ச் சேர்ந்தோம். நாகபூஷணம் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். லெட்டர் முனிசாமியின் சட்டைப் பையில் இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கிரவுண்டில் நல்ல கூட்டம். எதிர் டீம் செகந்திராபாத், ஆளெல்லாம் பனைமரம் மாதிரி. எங்களுக்குப் பக்கத்தில் மலையில் மொட்டை போட்டுவிட்டு நேராக மேட்சுக்கு வந்த ஒரு தெலுங்கு ஆசாமி, தலையில் சந்தனம் காயாமல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

முதல் பத்து நிமிஷம் முனிசாமி வாயை மூடவில்லை. "பாரு, கோலு எங்க கீது, இவன் எங்க நிக்கிறான் பாரு. தேடிக் கண்டுபுடிக்க வேண்டிகீது." பந்தைக் கண்டால் சீறிக்கொண்டு ஓடுகிறவன் நிதானமாக நடந்துகொண்டிருந்தான்.

அப்போது அவனிடம் பந்து வந்தது. மூன்று பேர் அவனை நோக்கி வந்தார்கள். சுரேஷ்பாபு டீமின் ஃபார்வர்ட், ஒரு கேரளாப் பையன், முன்னால் ஓட ஆரம்பித்தான். சுரேஷ்பாபு இடது கையை இடுப்பு உயரத்தில் நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, இரண்டு தடவை தட்டினான். கேரளாப் பையன் சட்டென்று நின்றுவிட்டான்.

"டேய், தறிய நிறுத்துன்றான்டா!" என்றார் ரங்கையா.

எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. பவர்லூம் ஷெட்டில் பதினாறு தறி ஒன்றாக ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அங்கே கைதான் பேசும். உள்ளங்கையால் கீழே இரண்டு தட்டு தட்டினால் தறியை நிறுத்து. இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டிப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. நகரியில் சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும். அதைப் பந்தாட்டத்துக்குக் கொண்டுபோனவன் நான். கத்தினால் எதிராளிக்கும் கேட்குமே என்று ஒருநாள் கை காட்டினேன். ஷெட்டில் எனக்கு எதிர்த் தறி ஓட்டிய சுரேஷ்பாபுவுக்குச் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பந்தைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தேன். பந்து வருவதற்கு முன்னால், ரோடு தாண்டப் போகிறவன் மாதிரி இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. பந்து வந்ததும் வலது பாதத்தால் மிதித்து ஒரு நொடி நிறுத்துகிறான். தோள் கொஞ்சம் சாய்கிறது. எங்கேயோ பார்த்த ஆட்டமாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாகபூஷணம் என் தொடையைத் தட்டினார். "வேதாச்சலம், இது நீதான்டா. அப்பிடியே நீ."

ஆமாம், நான்தான். தன் ஆட்டத்தைத் தானே எவன் பார்த்திருக்கிறான்? நான் ஆடும்போது அது இவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாது, யாரும் சொன்னதும் இல்லை. உண்மையைச் சொன்னால் அவன் என்னைவிட நன்றாக ஆடினான். நான் மூன்று அடி எடுத்துவைத்துச் செய்ததை அவன் ஒரே அடியில் செய்தான். ஆறு வருஷம் அந்தப் பந்துக்காகக் காத்து நின்றவன் அல்லவா, முன்னால் நிற்கிறவனுக்கு அது எப்போது வேண்டும், எங்கே வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பொறாமை வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது, அவ்வளவுதான்.

அரைமணி நேரம் தாண்டியிருக்கும். பந்து மறுபடியும் சுரேஷ்பாபுவின் காலடிக்கு வந்தது. மிதித்து நிறுத்தினான். கோலுக்கு முன்னால் தடுக்க நின்ற செகந்திராபாத் பேக் இரண்டு பேரும் கொஞ்சம் விலகி நின்றார்கள், நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. சுரேஷ்பாபு கையைத் தூக்கி, இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டி, பிரித்தான்.

"நூலு அறுந்துச்சு!"

பதினாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று கத்தினோம். கிரவுண்டில் வேறு யாரும் எழவில்லை. பந்து இன்னும் அவன் காலடியில்தான் இருந்தது. மொட்டை ஆசாமி பயந்துபோய்க் கடலையைக் கொட்டிவிட்டார். அதற்கப்புறம்தான் பந்து போனது. தரையோடு தரையாக, அந்த இரண்டு பனைமரத்துக்கும் நடுவே. கேரளாப் பையன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். ஒரே தட்டு. கோல்.

கிரவுண்டே எழுந்து கத்தியது. மொட்டை ஆசாமி மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "முந்தே எட்லா தெலிசிந்தி மீக்கு?" முன்கூட்டியே உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்கிறார், ஜோசியக்காரனைக் கேட்கிற மாதிரி.

"அதி மா ஊரு ஆட்டண்டி," என்றான் முனிசாமி. அது எங்கள் ஊர் ஆட்டம் என்று அவன் சொன்னபோது, அவன் நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தெறிக்கவிடும்போல இருந்தது.

இரண்டாவது பாதியில் அதே மாதிரி இன்னொரு பந்து கொடுத்தான். அது கோலுக்குள் போனது, ஆனால் பந்தை உதைக்குமுன்பே கேரளாப் பையன் பேக்குகளைத் தாண்டிப் போயிருந்தான், ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கிவிட்டார்கள். எப்படியோ ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்தாயிற்று. மைக்கில் கோல் போட்டவன் பேரை மட்டும் மூன்று தடவை சொன்னார்கள். ரஷீத், ரஷீத், ரஷீத். "கோல் எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்ல வாய் வரலியா?" என்று மைக்கைப் பார்த்துக் கத்தியவன் யார் தெரியுமா? முனிசாமி.

கேட்டுக்கு வெளியே நின்றோம். சுரேஷ்பாபு ஈரத் தலையோடு வந்து முதலில் அப்பாவைக் கட்டிக்கொண்டான். நாகபூஷணம் குனிந்து மகனுடைய கால் இரண்டையும் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது நைனா," என்று சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். சிரிப்பு போய்விட்டது. கோர்ட்டில் தீர்ப்புக்கு நிற்கிறவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பாத்தியாண்ணா?"

"பாத்தேன்."

"இன்னா சொல்ற? போவட்டுமா, இருக்கட்டுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முனிசாமியின் கை சட்டைப் பையில் லெட்டர் மேல் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவன் பின்னாலிருந்து கோல் போட்ட கேரளாப் பையன் ரஷீத் எட்டிப் பார்த்தான். என்னைக் காட்டி, அவனுக்குத் தெரிந்த தமிழில், "இதானா வேதா?" என்று கேட்டான்.

"இவருதான்," என்றான் சுரேஷ்பாபு.

ரஷீத் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "எங்க டீமில் அந்த ரெண்டு விரல் பாஸ் இருக்கில்லே, அதுக்குப் பேர் வேதா. கோச் போர்டில் எழுதுவார். வேதா ஒண்ணு, வேதா ரெண்டு. காலையில் பத்து, சாயந்திரம் பத்து, பிராக்டீஸ். நான் நெனச்சேன், வேதா யாரோ பெரிய பழைய பிளேயர்."

சுரேஷ்பாபு தரையைப் பார்த்துக்கொண்டு, "கோச்சு கேட்டாருண்ணா, இது யாரு ஆட்டம்னு. சொல்லிட்டேன்," என்றான்.

அழுகை வந்தது. நகரிக்காரர்கள் முன்னால் அழுதால் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கொஞ்சம் கனைத்துக் குரலைச் சரி பண்ணிக்கொண்டு, "எங்கியும் போவாத, அங்கியே ஆடு," என்றேன். அதோடு விடவும் மனசில்லை. "ஆனா ரெண்டாவது பாதியில ஒண்ணு குடுத்தியே, அந்த வேதா லேட்டு. அதான் கொடியத் தூக்கிட்டான்."

"ஆமாண்ணா, லேட்டுதான்," என்றான் சுரேஷ்பாபு.

முனிசாமி பையிலிருந்து கையை எடுத்தான். என்னைப் பார்த்து, மெதுவாக, "எவ்ளோ லேட்டு, வேதாச்சலம்?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் பந்தாட்டத்தைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பக்கத்தில் ஒரு டீக்கடை இருந்தது. பதினாலு டீயைப் பதினாறாக்கச் சொல்லிவிட்டு, எல்லாரையும் பெஞ்சில் உட்காரவைத்து, டம்ளர்களை ஆட்களாக அடுக்கிச் சொல்ல ஆரம்பித்தேன்.