மூன்று மில்லிமீட்டர்

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் பன்னிரண்டு பென்சில் கோடுகள். மாதத்துக்கு ஒன்றாக மேஸ்திரி போட்டவை. சுவரை ஒட்டி நிமிர்ந்து நிற்பார். வலது இடுப்பெலும்பின் மேட்டில் ரசமட்டத்தை வைப்பார். குமிழ் நடுவுக்கு வந்ததும் கோடு இழுப்பார். விரிசல் விட்ட கட்டடம் நின்றுவிட்டதா, இன்னும் இறங்குகிறதா என்று நாற்பது வருடம் இப்படித்தான் பார்த்திருக்கிறார்.

பன்னிரண்டாவது கோடு முதல் கோட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே விழுந்திருந்தது.

அந்த இடுப்பில் முன்பு வைத்த செயற்கை மூட்டு ஆட்டம் கண்டு, சுற்றியிருந்த எலும்பைத் தின்றுவிட்டிருந்தது. போன வருடம் டாக்டரம்மா அதைக் கழற்றினார். வேறொருவர் கொடுத்த எலும்பைச் சிறு துண்டுகளாக்கிக் குழியில் போட்டு, இடித்து இறுக்கி, அதன்மேல் புது மூட்டின் கிண்ணத்தைப் பதித்தார். "இது அசைஞ்சா இன்னொன்னு வைக்க இடம் இல்ல மேஸ்திரி" என்று அன்றே சொல்லிவிட்டார்.

அதன்பின் ஒரு வருடம் அவர் தானாகக் குளித்தார். தானாக மாடியேறினார். கொடியில் துணி காயப்போட்டார். ஒவ்வொன்றையும் யாரோ போட்ட பிச்சை என்றே எண்ணினார். அது போகப்போகிறது என்று மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபின் இருவரும் வெளியே காத்திருந்தார்கள்.

"என்னங்க, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

உள்ளே டாக்டரம்மா திரையில் இரண்டு படங்களை அருகருகே வைத்திருந்தார். போன வருடத்தது ஒன்று, இன்றையது ஒன்று. "கிண்ணம் அசையவே இல்ல."

"அசைஞ்சிருக்கு டாக்டரம்மா. மூணு மில்லிமீட்டர்." கோடுகளைப் பற்றிச் சொன்னார்.

மனைவி அவரையே பார்த்தாள். "இதையா இத்தனை நாள் மனசுல போட்டுக்கிட்டு இருந்தீங்க?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. படங்களை மறுபடி அளந்தார். இரண்டிலும் ஒரே அளவுதான். "வெறுங்காலோட நின்னா அளந்தீங்க?"

"செருப்பைக் கழட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

வலது கால் கொஞ்சம் கட்டை என்பதால் அடி தடித்த செருப்பு கொடுத்திருந்தார்கள். மனைவி குனிந்து அதைக் கழற்றித் திருப்பினாள். குதிகால் பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"சுவத்தையே அளந்துக்கிட்டு இருந்திருக்கார். அஸ்திவாரத்தைப் பாக்கல. இவர் கட்டின வீட்டுல நாலு குடும்பம் இருக்கு டாக்டர்."

மேஸ்திரி தலைகுனிந்தார். மூச்சு இப்போதுதான் முழுதாக வந்தது.

"இங்க பாருங்க" என்றார் டாக்டரம்மா. கிண்ணத்தைச் சுற்றி மெல்லிய இழைகள் ஓடின. "போட்ட எலும்புக்குள்ள உங்க எலும்பு வளர்ந்து போயிருக்கு. இனி பிரிச்சுச் சொல்ல முடியாது."

மேஸ்திரி வெகுநேரம் பார்த்தார். "கொடுத்தது யாரு?"

"பேர் சொல்லக் கூடாது. மூட்டு மாத்திக்க வந்த ஒரு அம்மா. வெட்டி எடுத்ததைத் தூக்கிப் போடாதீங்க, யாருக்காவது ஆகும்னாங்க."

"அவங்க நல்லா நடக்கறாங்களா?"

"நடக்கறாங்க."

அவர் எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றார்.

"பாத்தா சொல்லுங்க டாக்டரம்மா. கெட்டியா நிக்குதுன்னு."