புழுதிக்காற்று ஓய்ந்த காலை

நவம்பர் 18, செவ்வாய்

பன்னிரண்டு நாளுக்கு முன் இதே நோட்டில், "எங்கள் கிணற்றில் நீர் இரண்டு முழம் ஏறியிருக்கிறது" என்று எழுதினேன். தவறு. முழத்துக்கு ஒன்றாகப் போட்ட கயிற்று முடிச்சுகளைச் சரியாகத்தான் எண்ணினேன். முன்பு இருபத்தொன்றாவது முடிச்சில் தொட்ட நீர் அன்று பத்தொன்பதிலேயே தொட்டது. எந்த நாளில் அளக்கிறேன் என்று யோசிக்கவில்லை.

நான்கு நாள் புழுதிக்காற்று அடித்து ஓய்ந்த காலை அது. மேட்டுத் தோப்பு பாஸ்ஸு மாமாவின் சூரியத் தகடுகள் மண்மூடிக் கிடந்தன. அதனால் அவர் கிணற்று மோட்டார் ஓடவில்லை. நேற்று மாலை வகுப்பில் ஆசிரியை எங்கள் தஃபிலாலத் பாலைவனச் சோலையின் நிலத்தடியை வரைந்தார்: மேட்டிலிருந்து பள்ளம்வரை ஒரே மணற்படுகை, ஒரே நீர். அவர் இறைத்தால் எங்கள் கிணறு இறங்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

இன்று நண்பகலில் மறுபடி அளந்தேன். இருபத்திரண்டு.

பாஸ்ஸு மாமா வரப்பில் நின்று சிரித்தார். "என்ன இஜ்ஜா, எட்டி எட்டிப் பாத்தா தண்ணி மேல வந்துருமா?"

"உங்க மோட்டார நிறுத்துங்க மாமா, வந்துரும்."

"நிறுத்துனா என் மரம் சாகும். ஓட்டுனா உன் மரம் சாகும். படிக்கிற புள்ள, நீயே சொல்லு."

அவர் தோப்பை ஏறிட்டுப் பார்த்தேன். அவர் பேரீச்சைகளிலும் பாதிக்குக் குருத்து இல்லை.

என் பத்தொன்பதை நம்பித்தான் அப்பா கடைசி மூட்டை பார்லியையும் கீழ்வயலில் விதைத்தார். விரலளவு முளைத்திருக்கிறது.

"அப்பா, நான் சொன்னது தப்பு. தண்ணி ஏறல, எறங்கியிருக்கு. மரம், பார்லி ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காணும்."

அப்பா மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பத்தொம்போதுன்னியேம்மா."

"காத்துல அவர் மோட்டார் நின்னுடுச்சு. அதான் ஏறுச்சு. நான் யோசிக்கலப்பா."

"மரம் போச்சுன்னா மணல் வாசலுக்கே வந்துரும்." மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, "வெதைச்ச கையால அதக் காயப்போட என்னால ஆகாதும்மா" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியைப் பிட்டவர், தன் பங்கில் பாதியைத் துணியில் மூடி வைத்தார்.

நாளை: அப்பா எழுமுன் கீழ்வயல் வாய்க்காலை நானே மண்போட்டு அடைக்க வேண்டும். பிறகு விடியல், நண்பகல், அந்தி என மூன்று வேளையும் கிணற்றை அளந்து, மேட்டு மோட்டார் ஓடியதா என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.