அது ரீல், ஸாப்

பில்டர் ஆபீஸ்காரன் மொபைலைத் திருப்பி என் மூக்குக்கு நேரே நீட்டினான். அதில் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். டோம்பிவிலியில் எனக்கு மூன்று மாடிப் பங்களா இருக்கிறதாம், மொட்டைமாடியில் மயில் வளர்க்கிறேனாம், மயிலுக்கென்று தனியாக ஒரு பாத்ரூம் கட்டிவிட்டிருக்கிறேனாம். மயில் குளிக்கும் இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. எங்கள் சந்து முழுவதையும் இடித்து மாடிக்கட்டடம் கட்டப்போகிறார்கள். வேறு எங்காவது சொந்த வீடு உள்ளவனுக்கு அதில் ரூம் கிடையாது.

தாராவியில் நூறு வருஷமாக, என் மனைவி கணக்குப்படி முப்பத்தெட்டு வருஷமாக, எங்களுக்கு இருப்பது அந்தப் பத்துக்குப் பத்து ரூம். அதற்கு வெளியே பூதத்தான் என்கிற என் பேரில் ஒரு செங்கல்கூடக் கிடையாது.

"வோ சப் ரீல் ஹை, ஸாப்" என்றேன், அதெல்லாம் ரீல் என்று.

"ஹாங், ரீல் ஹை. அதைத்தானே நானும் பார்த்தேன்" என்றான் இந்தியில்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அதில் ஒரு கல்யாணத்துக்கே டீ போட்டிருக்கலாம். ரீல் விடுவது என்றால் பொய் அளப்பது என்று நம் ஆட்களில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இவனுக்கு ரீல் என்றால் மொபைலில் ஓடும் வீடியோ, அவ்வளவுதான். நான் "ரீல், ரீல்" என்று மேஜையைத் தட்டத் தட்ட, அவன் "ஹாங், ஹாங்" என்று தலையாட்டி எழுதிக்கொண்டான். நானே ஒப்புக்கொண்டதாக.

ரீலைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறான். செம்பூர் தியேட்டருக்கும் மாட்டுங்கா தியேட்டருக்கும் ஒரே படப்பெட்டி இருந்த காலத்தில், இங்கே ஓடி முடித்த ரீலை லோக்கல் ரயிலில் தூக்கிக்கொண்டு அங்கே ஓடியவன் நான். ஒருநாள் குர்லாவில் ரயில் மாறும்போது பெட்டி தவறிப்போய், ஹீரோ அடி வாங்கிக் கிடந்த நிலையிலேயே ஜனங்கள் ஒன்றரை நாள் காத்திருந்தார்கள். சரி, ஒன்றரை மணி நேரம்.

போன மாதம் பக்கத்து ரூம் சலாவுதீன் மகள் பரீஹா வந்தாள். மொபைல் கடையில் வேலை பார்ப்பவள். "மாமா, எதாச்சும் சொல்லுங்க, ரீல் போடுதேன்" என்றாள். அளந்துவிடத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அள்ளி விட்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் என் மனைவி மாரீஸ்வரி சோற்றுப்பானையை இறக்கிவைத்தாள். சத்தம் போடவில்லை.

"மயிலுக்கு பாத்ரூம் கட்டிருக்கியளோ? கட்டுன பொண்டாட்டி முப்பத்தெட்டு வருசமா டப்பாவத் தூக்கிட்டு வரிசையில நிக்கேன்."

புது ரூமுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக இடிப்பதற்குச் சம்மதித்தவள் அவள். பொதுக் கக்கூஸுக்கு முட்டி வலியோடு நின்ற வரிசை. எதற்கும் முப்பது பதில் கைவசம் வைத்திருக்கும் நான் பானை மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

பரீஹா ஓடி வந்தாள். "டெலீட் பண்ணிட்டேன் மாமா. ஆனா அந்த ஹராமி டவுன்லோட் பண்ணி வச்சிருக்கான். உண்மையச் சொல்லி இன்னொண்ணு போடுவோம்."

மொபைலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு வேறு வீடு இல்லை, ஒரே ஒரு ரூம்தான், பங்களா என்றது பொய் என்றேன். இருபது வினாடிதான். ஒரு துளிகூடக் கூட்டிச் சொல்லாமல் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை.

சாயங்காலத்துக்குள் அதன் கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். பரீஹா வாசிக்க மாட்டேன் என்றாள். நான் பிடுங்கி வாசித்தேன். 'தாத்தா செம ரீல் விடுறாரு.' 'மயில எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?' 'பில்டர ஏமாத்த நடிப்பப் பாரு.' எல்லாம் நம் ஆட்கள். ஆபீஸ்காரனுக்கு விளங்காத அர்த்தம் இவன்களுக்கு மட்டும் நன்றாக விளங்கியிருந்தது.

மறுநாள் காலை ஆபீஸ் ஆள் ஒருவன் சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு சந்துக்குள் வந்தான். ரூம் கிடைப்பவர்கள் கதவில் நம்பர், கிடைக்காதவர்கள் கதவில் பெருக்கல் குறி. சலாவுதீனின் கதவில் நம்பர் போட்டான். எங்கள் கதவுக்கு வந்து கையிலிருந்த லிஸ்டைப் பார்த்தான்.

மாரீஸ்வரி வெளியே வந்தாள். கதவைச் சாத்தி, அதில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"எம் மேல போடு" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று அவன் என்னைக் கேட்டான். ஒன்றும் கூட்டாமல் அப்படியே இந்தியில் சொன்னேன்.

அவன் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். அதன் நுனியிலிருந்து சிவப்பு, சொட்டுச் சொட்டாக, அவள் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் காலை நகர்த்தவில்லை.